இரண்டு கிணறுகளுக்கு நடுவே என்ன இருக்கிறது?

கட்டட வேலை நடக்கும் இடத்தில் செங்கல்லைச் சுவரில் வைப்பதற்கு முன் தண்ணீர்த் தொட்டியில் போட்டு நனைப்பார்கள். போட்டவுடன் கல்லிலிருந்து குமிழ் குமிழாகக் காற்று கிளம்பும். கொஞ்ச நேரம் கழித்து எடுத்தால் கல் கனத்திருக்கும். கல் பெருக்கவில்லை, உள்ளே கண்ணுக்குத் தெரியாத சந்துகளில் இருந்த காற்று வெளியேறி, அந்த இடத்தில் தண்ணீர் புகுந்துகொண்டது, அவ்வளவுதான். கடலுக்கு அடியில் எண்ணெய் இருப்பதும் இப்படித்தான். கல்லுக்குள், மணலுக்கும் மணலுக்கும் இடையிலுள்ள சந்துகளில்.

ஆனால் 'கடலடி எண்ணெய்' என்றதும் பலர் மனத்தில் வருவது ஓர் ஏரி. பூமிக்குள் பெரிய குகை, அதில் கறுப்பாக எண்ணெய் தளும்புகிறது, மேலிருந்து குழாயை விட்டு உறிஞ்சுகிறார்கள் என்பது போல. என் அம்மாவும் அப்படித்தான் நினைத்திருந்தார். செங்கல் கதையைச் சொல்லித்தான் நான் எதைப் படிக்கிறேன் என்று அவருக்குப் புரியவைத்தேன். "அப்போ நீ கல்லைத்தான் படிக்கிறியா?" என்று கேட்டார். ஆமாம், கல்லைத்தான்.

எண்ணெயையோ எரிவாயுவையோ தன் சந்துகளில் வைத்திருக்கும் பாறைக்குத் தேக்கப்பாறை என்று பெயர். துறையில் இருப்பவர்கள் பேச்சில் ரிசர்வாயர் என்பார்கள். அது எப்படி உண்டானது, எவ்வளவு எண்ணெயை வைத்திருக்கிறது, எந்த வழியாக விட்டுக்கொடுக்கும் என்று பார்ப்பது ரிசர்வாயர் புவியியல். முதுகலை, முனைவர் பட்ட மாணவர்கள் இதில் என்னதான் ஆராய்கிறார்கள் என்பதை வட கடலில் உள்ள ஒரு சிறிய எண்ணெய் வயலை வைத்துச் சொல்கிறேன். வயலின் பெயர் வோல்வெ.

வோல்வெ நார்வே நாட்டுக் கடல் எல்லைக்குள், ஸ்டாவாங்கர் நகருக்கு மேற்கே சுமார் 200 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. அங்கே கடலின் ஆழம் 80 மீட்டர்தான். எண்ணெய் இருக்கும் மணற்கல் மட்டத்துக்குப் போக ஏறக்குறைய 3 கிலோமீட்டர் இறங்க வேண்டும். 1993-இல் கண்டுபிடித்தார்கள், 2008-இல் எண்ணெய் எடுக்கத் தொடங்கினார்கள், 2016-இல் வயலை மூடினார்கள். மூன்று முதல் ஐந்து ஆண்டுகள் வரை ஓடும் என்று திட்டமிட்ட வயல் எட்டு ஆண்டுகளுக்கு மேல் ஓடி, மொத்தம் சுமார் 6 கோடியே 30 லட்சம் பீப்பாய் கொடுத்தது. வட கடல் கணக்கில் இது சின்ன வயல். ஆனால் 2018 ஜூனில் அதை நடத்திய எக்வினோர் நிறுவனம் சுமார் 40,000 கோப்புகளை யார் வேண்டுமானாலும் படிக்கலாம் என்று திறந்துவிட்டது. சீஸ்மிக் பதிவுகள் (ஒலியை அனுப்பி, திரும்பி வரும் எதிரொலியை வைத்து அடிப்பாறையைப் பார்ப்பது), கிணற்று அளவீடுகள், தினசரி உற்பத்திக் கணக்கு, கணினி மாதிரிகள் எல்லாம் அதில் உண்டு. எண்ணெய் நிறுவனங்கள் தங்கள் தரவைப் பூட்டி வைப்பதுதான் வழக்கம். அதனால் எந்த ஊர் மாணவரும் ஒரு முழு வயலைப் பிறப்பு முதல் இறப்பு வரை புரட்டிப் பார்க்க முடிவது மிகப் பெரிய கொடை என்று நினைக்கிறேன்.

எண்ணெய் எப்படி அங்கே போய்ச் சேர்ந்தது

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஜுராசிக் காலத்தின் பிற்பகுதியில் வட கடல் பகுதியின் அடியில் ஆக்சிஜன் குறைந்த சேறு படிந்தது. செத்து விழுந்த நுண்ணுயிர்கள் மக்கிப்போகாமல் அதில் புதைந்தன. அந்தச் சேறு பிற்பாடு ஆழத்துக்குப் போய், இறுகி, சூடாகி, எண்ணெயைக் கக்கியது. இது மூலப்பாறை. எண்ணெய் தண்ணீரைவிட இலேசானது. பாறைச் சந்துகளில் நிரம்பியிருக்கும் உப்புநீரைத் தள்ளிக்கொண்டு மேலே ஏறிவிடும். வழியில் சந்துகள் நிறைந்த மணற்கல் கிடைத்து, அதன் தலைக்கு மேல் எண்ணெய் புக முடியாத களிப்பாறை மூடியாக அமைந்து, இரண்டும் சேர்ந்து கவிழ்த்த கிண்ணம் போல வளைந்திருந்தால், எண்ணெய் அங்கே மாட்டிக்கொள்ளும். வோல்வெயில் அந்தக் கிண்ண வடிவம் உண்டானதற்கு, அடியில் இருந்த பழைய உப்புப் படிவங்கள் நகர்ந்து சரிந்ததுதான் காரணம்.

சரி, கிண்ணம் இருக்கிறது. உள்ளே எவ்வளவு? இங்கேதான் மாணவரின் வேலை தொடங்குகிறது.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். எண்கள் நான் எடுத்துக்கொண்டவை; எந்த வயலின் எண்ணும் அல்ல. 5 சதுர கிலோமீட்டர் பரப்பு, 40 மீட்டர் தடிமன் உள்ள ஒரு பாறை அடுக்கு. அதில் பத்தில் ஒன்பது பங்கு நல்ல மணற்கல், மீதி களி. மணற்கல்லின் கன அளவில் 20 சதவீதம் சந்து. இந்தச் சந்தின் பங்குக்குப் புரைமை என்று பெயர். சந்துகளில் 80 சதவீதம் எண்ணெய், மீதி உப்புநீர். ஆழத்தில் எண்ணெய்க்குள் எரிவாயு கரைந்திருக்கும். மேலே கொண்டுவந்ததும் அது பிரிந்து போக, எண்ணெயின் அளவு சுருங்கும். 1.3 பங்கு ஆழத்தில் இருந்தது 1 பங்காகும் என்று வைத்துக்கொள்வோம். எல்லாவற்றையும் பெருக்கி வகுத்தால் சுமார் 13 கோடியே 90 லட்சம் பீப்பாய் வரும். இப்போது புரைமையை மட்டும் 20-இலிருந்து 17-ஆக மாற்றுங்கள். விடை 11 கோடியே 80 லட்சம். ஒரே ஓர் எண்ணில் மூன்று புள்ளி தவறினால் 2 கோடி பீப்பாய் காணாமல் போகிறது. அந்த 20-ஐ யார் சொன்னது, எந்தக் கல்லை அளந்து சொன்னது, அந்தக் கல் மற்ற கல்லுக்கெல்லாம் பிரதிநிதியா என்று கேட்கத் தெரிந்தவரே நல்ல ரிசர்வாயர் மாணவர்.

சந்து இருந்தால் போதாது

வைகையிலோ பாலாற்றிலோ கோடையில் மணலைத் தோண்டி ஊற்றுநீர் எடுத்தவர்களுக்கு அடுத்த விஷயம் சுலபமாகப் புரியும். மணலில் ஓரடி பறித்தால் நாம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நீர் ஊறும். இறைக்க இறைக்க வரும். வற்றிய கண்மாயின் களியிலும் நீர் இருக்கத்தான் செய்கிறது. பிசைந்தால் கை நனைகிறது. ஆனால் குழி பறித்தால் நாள் முழுக்கக் காத்திருந்தாலும் ஒரு செம்பு நிறையாது. களியில் சந்துகள் உண்டு, ஆனால் அவை மிக நுண்ணியவை. ஒன்றிலிருந்து ஒன்றுக்கு நீர் போக வழி இறுகலாக இருக்கிறது. ஒரு பாறை தனக்குள் திரவத்தை எவ்வளவு எளிதாக ஓடவிடுகிறது என்பதற்கு ஊடுபுகுதிறன் என்று பெயர். இதை அளக்கும் அலகு டார்சி. 1856-இல் பிரான்சின் டிஜோன் நகரக் குடிநீர் ஏற்பாட்டைப் பற்றி எழுதும்போது, மணல் அடுக்கின் வழியே தண்ணீர் எந்தக் கணக்கில் ஓடுகிறது என்று சோதித்துச் சொன்ன என்றி டார்சி என்ற பொறியாளரின் பெயர் அது. குடிநீருக்காகக் கண்ட விதிதான் இன்று எண்ணெய்க் கிணறுகளையும் ஆள்கிறது.

புரைமையும் ஊடுபுகுதிறனும் ஒன்றல்ல என்பதற்கு வட கடலிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. 1969-இல் கண்டுபிடித்த எக்கோஃபிஸ்க் வயலின் பாறை, சாக் எனப்படும் மென்மையான வெள்ளைச் சுண்ணாம்பு. நுண்ணிய கடற்பாசிகளின் ஓடுகள் குவிந்து உண்டானது. அதன் புரைமை 30 சதவீதத்தையும் தாண்டும். நல்ல மணற்கல்லைவிட அதிகம். ஆனால் சந்துகள் பொடிப்பொடியாக இருப்பதால் பாறையின் ஊடுபுகுதிறன் மிகக் குறைவு. அதிலுள்ள விரிசல்கள்தான் எண்ணெய்க்கு வழிவிடுகின்றன. அப்புறம் இன்னொன்றும் நடந்தது. எண்ணெயை எடுக்க எடுக்க உள்ளழுத்தம் குறைந்து, அந்த மெத்தென்ற பாறை நசுங்கி, மேலே கடல்தளமே இறங்கிவிட்டது. 1987-இல் அங்கிருந்த மேடைகளை அப்படியே 6 மீட்டர் உயரத்துக்குத் தூக்க வேண்டியிருந்தது. கல்லின் குணத்தைப் படிப்பது ஏட்டுப் படிப்பு மட்டும் அல்ல என்று எனக்கு முதலில் உறைத்தது இந்தக் கதையைக் கேட்டபோதுதான்.

மூன்று கண்கள், நடுவே ஒரு குருட்டுப் பகுதி

மூன்று கிலோமீட்டருக்குக் கீழே இருக்கும் பாறையை எப்படிப் பார்ப்பது? மூன்று வழிகள் உண்டு.

முதலாவது சீஸ்மிக். ஒரு கப்பல் அழுத்தக் காற்றைத் தண்ணீருக்குள் வெடித்து ஒலியை உண்டாக்கும். ஒலி பாறை அடுக்குகளில் பட்டுத் திரும்பும். கப்பலுக்குப் பின்னால் கிலோமீட்டர் கணக்கில் நீளும் கேபிள்கள் எதிரொலியைப் பிடிக்கும். வயல் முழுவதும் தெரியும், ஆனால் மங்கலாக. ஒலி பாறையில் விநாடிக்கு 3,000 மீட்டர் வேகத்தில் போகிறது, அதன் அதிர்வெண் விநாடிக்கு 30 என்றால் அலைநீளம் 100 மீட்டர். அதில் கால் பங்கு, அதாவது 25 மீட்டருக்குக் குறைந்த தடிமன் உள்ள அடுக்கின் தலையையும் அடியையும் சீஸ்மிக்கால் பிரித்துக் காட்டுவது கடினம். எட்டு மாடிக் கட்டடம் ஒரே கோடாகத் தெரியும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது லாக். கிணறு தோண்டிய பிறகு, அல்லது தோண்டும்போதே, கருவிகளை உள்ளே விட்டு அளப்பது. 1927-இல் பிரான்சின் அல்சாஸ் பகுதியில் பெஷல்பிரான் என்ற இடத்தில் ஷ்லும்பெர்ஜர் சகோதரர்களின் குழு முதன்முதலாகக் கிணற்றுக்குள் மின்தடையை அளந்தது. உப்புநீர் மின்சாரத்தைக் கடத்தும், எண்ணெய் கடத்தாது. ஆக, மணற்கல்லில் மின்தடை எகிறினால் எண்ணெய் இருக்கலாம். எத்தனை பங்கு எண்ணெய், எத்தனை பங்கு நீர் என்று அதிலிருந்து கணக்கிடும் சூத்திரத்தை 1942-இல் ஆர்ச்சி என்பவர் வெளியிட்டார். இன்றும் மாணவர்கள் முதலில் கற்பது அதுதான். காமா லாக் என்று ஒன்று உண்டு: களியில் பொட்டாசியம், தோரியம் போன்ற கதிரியக்கப் பொருள்கள் அதிகம் என்பதால் அங்கே எண் கூடும், சுத்தமான மணற்கல்லில் குறையும். ஆனால் மைக்கா, ஃபெல்ஸ்பார் போன்ற பொட்டாசியம் உள்ள கனிமங்கள் நிறைந்த மணல், காமா லாக்கில் களி போலவே வேடம் போடும். புதியவர்கள் இதில் தவறாமல் ஏமாறுவார்கள். லாக் சுமார் 15 சென்டிமீட்டருக்கு ஓர் எண் தரும். ஆனால் கிணற்றைச் சுற்றிக் கொஞ்சதூரம்தான் அதன் பார்வை.

மூன்றாவது கோர். வழக்கமாகத் துளையிடும்போது பாறை பொடியாகித்தான் மேலே வரும். அதற்குப் பதிலாக நடுவில் வெற்றிடம் உள்ள துளைப்பானை இறக்கினால், வாழை மரத்தின் பட்டைகளுக்கு நடுவிலிருந்து தண்டை உருவுவது போலப் பாறையை உருளையாக எடுக்கலாம். அரைச் சாண் அகலம் இருக்கும். இதற்கு நேரமும் பணமும் மிகுதியாகச் செலவாகும் என்பதால் எல்லாக் கிணற்றிலும் எடுக்க மாட்டார்கள். எடுத்தாலும் முக்கியமான சில பத்து மீட்டர்தான். ஆனால் கையால் தொட்டு, மணல்மணியை எண்ணிப் பார்க்க முடிவது இதில் மட்டும்தான்.

ஆக, வயல் முழுவதையும் பார்க்கும் கண் மங்கலானது. கூர்மையான கண்ணுக்கோ அரைச் சாண்தான் எட்டும். இரண்டு கிணறுகள் ஒரு கிலோமீட்டர் தள்ளி இருந்தால், நடுவே இருக்கும் அந்த ஒரு கிலோமீட்டரில் 25 மீட்டருக்குக் குறைந்த தடிமன் உள்ள எதுவும் யாருக்கும் தெரியாது. எண்ணெய் வருமா வராதா என்பதைத் தீர்மானிக்கும் களிப்பட்டைகளின் தடிமன் பெரும்பாலும் ஒரு மீட்டருக்கும் குறைவு. ரிசர்வாயர் புவியியலில் வெளிவரும் ஆய்வேடுகளில் கணிசமானவை இந்தக் குருட்டுப் பகுதியை நிரப்பும் முயற்சிகளே.

கோர் அறையில்

ஸ்டாவாங்கரில் நார்வே அரசின் கோர் கிடங்கு இருக்கிறது. நார்வேயின் கடலில் எடுத்த கோர்கள் அங்கே அடுக்கடுக்காகப் பெட்டிகளில் இருக்கின்றன. பிரிட்டனுக்கு நாட்டிங்காம் அருகே கீவொர்த்தில் இப்படி ஒன்று உண்டு. மாணவர் போய் நீள மேசைகளில் பெட்டிகளை வரிசையாக வைத்துக்கொள்வார். கையில் பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ், தண்ணீர் தெளிப்பான், சுண்ணாம்பு இருக்கிறதா என்று பார்க்க ஒரு சின்னக் குப்பி நீர்த்த அமிலம், மணல்மணியின் அளவை ஒப்பிட ஓர் அட்டை. இவ்வளவுதான் கருவிகள். அப்புறம் பென்சிலும் நீளத் தாளும். கீழிருந்து மேலாக, அதாவது பழையதிலிருந்து புதியதை நோக்கி, ஒவ்வோர் அங்குலமாக வரைந்துகொண்டே போக வேண்டும். ஒரு நாளில் பத்து, பதினைந்து மீட்டர் முடித்தால் நல்ல வேகம்.

என்ன பார்ப்பார்? மணல் மேலே போகப் போகப் பருமனாகிறதா, மெலிகிறதா என்பது முதல் கேள்வி. பருமனாகிக்கொண்டே போனால் நீர் ஆழம் குறைந்துகொண்டே வந்திருக்கிறது, கரை நெருங்கிக்கொண்டிருந்தது என்று கொள்ள இடமுண்டு. மெலிந்துகொண்டே போனால் ஆற்று வாய்க்கால் ஒன்று மெல்லத் தூர்ந்துபோன கதையாக இருக்கலாம். மணலுக்குள் சாய்ந்த கோடுகள் இருந்தால் நீரோட்டம் எந்தப் பக்கம் ஓடியது என்று தெரியும். புழுக்களும் நண்டுகளும் தோண்டிய வளைகள் இருந்தால் அது உப்புநீரா, நன்னீர் கலந்ததா என்று ஊகிக்கலாம். நிலக்கரிக் கீற்று தெரிந்தால் பக்கத்தில் சதுப்புநிலம் இருந்தது.

எனக்கு மிகவும் பிடித்தது இரட்டைக் களிக்கோடு. மணலின் சாய்ந்த கோடுகளுக்கு நடுவே, நகத்தின் தடிமன்கூட இல்லாத இரண்டு கறுப்புக் கோடுகள் ஜோடியாக வரும். கடலில் ஓதம் ஏறும்போது நீர் வேகமாக ஓடி மணலைக் கொண்டுவரும். ஏறி முடிந்து, இறங்கத் தொடங்குவதற்கு முன் நீர் சற்று நேரம் அசையாமல் நிற்கும். அப்போது கலங்கல் படியும். இறங்கி முடிந்ததும் மறுபடி ஒரு நிற்றல், மறுபடி ஒரு படிவு. அந்த ஜோடிக் கோடு ஓர் ஏற்றமும் ஓர் இறக்கமும். பதினாறு கோடி ஆண்டுகளுக்கு முந்தைய கடல் அரை நாளில் எழுதிய வரி அது. அதைக் கல்லில் விரல் வைத்துத் தொட முடிகிறது என்பதற்காகவே சிலர் இந்தத் துறைக்கு வருகிறார்கள்.

இப்படி வரைந்த செங்குத்துக் கதையைக் கிடைமட்டமாக விரிக்க ஒரு திறவுகோல் வேண்டும். அதை 1890-களில் யோகன்னஸ் வால்தர் என்ற ஜெர்மானியப் புவியியலாளர் தந்தார். இடையில் முறிவு இல்லாமல் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்திருப்பவை, ஒரு காலத்தில் பக்கம் பக்கமாக இருந்த சூழல்களில் உண்டானவை என்பது அவருடைய விதி. கொள்ளிடம் கடலில் சேரும் பகுதியில் உள்நாட்டிலிருந்து கடலை நோக்கி நடப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். முதலில் சதுப்பும் சேறும், அப்புறம் மணல்மேடு, அலையடிக்கும் கரைமணல், கடலுக்குள் தள்ளிப் போனால் மெல்லிய சேறு. கடல்மட்டம் உயர்ந்துகொண்டே வந்தால் இந்த வரிசை முழுவதும் நிலத்தை நோக்கி நகரும். நகரும்போது சதுப்பின் மேல் கரைமணல் ஏறும், கரைமணலின் மேல் கடற்சேறு ஏறும். ஒரே இடத்தில் கிணறு தோண்டினால் இந்த மூன்றும் அடுக்காகக் கிடைக்கும்.

வோல்வெயில் கிடைப்பது கிட்டத்தட்ட இதுதான். அடியில் நிலக்கரி கலந்த ஸ்லைப்னர் படிவம். அதன்மேல் எண்ணெய் இருக்கும் ஹுகின் மணற்கல். அதற்கும் மேலே கடலில் படிந்த ஹெதர் களிப்பாறை. கடல் நிலத்தை விழுங்கிக்கொண்டு வந்த கதை. (ஹுகின் என்பது நார்வே புராணத்தில் ஓடின் கடவுளின் காக்கை, ஸ்லைப்னர் அவருடைய எட்டுக்கால் குதிரை. அந்தக் கடல் பகுதியின் பாறைகளுக்கும் வயல்களுக்கும் இப்படிப் பெயர் வைத்திருக்கிறார்கள்.)

கோட்டை எப்படி இழுப்பது

இரண்டு கிணறுகளின் படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், இதிலுள்ள மணலையும் அதிலுள்ள மணலையும் நேர்கோட்டில் இணைத்துவிடத்தான் கை துறுதுறுக்கும். அப்படி இணைத்தால் வயல் முழுவதும் ஒரே மணல் பாய் விரித்தது போல ஆகிவிடும். எண்ணெய் எங்கிருந்தும் எங்கும் ஓடும். பார்க்க நன்றாக இருக்கும். பல நேரங்களில் தவறு.

கரைமணல் ஒரே நாளில் பாயாக விரிக்கப்படுவதில்லை. ஆறு மணலைக் கொண்டுவந்து கொட்டக் கொட்ட, கரை கொஞ்சம் கொஞ்சமாகக் கடலுக்குள் முன்னேறுகிறது. ஒவ்வொரு காலத்துக் கடல்தரையும் கடலை நோக்கிச் சரிந்திருக்கும். மணல் வரத்து நின்ற காலத்தில் அந்தச் சரிவின்மேல் மெல்லிய சேறு போர்த்திக்கொள்ளும். பிறகு மறுபடி மணல். கடைசியில் கிடைப்பது ஓட்டு வீட்டின் கூரை மாதிரி இருக்கும்: தொலைவிலிருந்து பார்த்தால் ஒரே பரப்பு, கிட்டே போனால் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து கிடக்கும் ஓடுகள். ஓட்டுக்கும் ஓட்டுக்கும் நடுவே ஒரு களிப்பட்டை. முதல் கிணறு ஒரு ஓட்டில் இருக்கிறது, இரண்டாவது கிணறு அடுத்த ஓட்டில். இரண்டிலும் மணல்தான், ஆனால் இரண்டும் ஒரே மணல் அல்ல.

இதனால் என்ன கெட்டுவிடும்? எண்ணெயை எடுக்கும்போது அழுத்தம் குறையும். அதை ஈடுகட்ட வேறொரு கிணற்றில் தண்ணீரைச் செலுத்துவார்கள். வோல்வெயிலும் அப்படித்தான் செய்தார்கள். தண்ணீர் எண்ணெயைத் தள்ளிக்கொண்டு உற்பத்திக் கிணற்றுக்கு வர வேண்டும். நடுவே சாய்ந்த களிப்பட்டை இருந்தால் தண்ணீர் வேறு வழியாகச் சுற்றிப் போய்விடும். பட்டைக்குப் பின்னால் இருக்கும் எண்ணெய் அங்கேயே நின்றுவிடும். வோல்வெயில் இருந்த எண்ணெயில் சுமார் 54 சதவீதம் எடுக்க முடிந்தது. அந்தத் துறையில் இது நல்ல மதிப்பெண். மீதி இன்னும் கல்லுக்குள்தான்.

ஓடுகள் உண்மையில் இணைந்திருக்கின்றனவா என்று சோதிக்க அழுத்த அளவீடு உதவும். ஒரு கிணற்றிலிருந்து சில ஆண்டுகள் எண்ணெய் எடுத்தபின் பக்கத்தில் புதுக் கிணறு தோண்டி, அதிலும் அழுத்தம் இறங்கியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். இறங்கியிருந்தால் இரண்டும் ஒரே வீட்டில் இருக்கின்றன. இறங்காமல் பழைய அழுத்தத்திலேயே இருந்தால் நடுவே சுவர் இருக்கிறது. அது களிப்பட்டையா, பாறை பிளந்து நழுவிய பிளவா என்பது அடுத்த கேள்வி. கோரைப் படித்து வரைந்த படத்தை உற்பத்திக் கணக்கோடு மோதவிட்டுப் பார்க்க வோல்வெத் தரவு இடம் கொடுக்கிறது. 15/9-எஃப்-12 என்ற கிணறு எந்த நாளில் எவ்வளவு எண்ணெயும் எவ்வளவு தண்ணீரும் கொடுத்தது என்ற கணக்குவரை அதில் இருக்கிறது.

நடுவே உள்ள இருட்டை நிரப்ப இன்னொரு வழி, அதே மாதிரிப் பாறை வெளியே தெரியும் இடத்துக்குப் போவது. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் புக் கிளிஃப்ஸ் என்ற செங்குத்துப் பாறைச் சுவர் மைல் கணக்கில் நீள்கிறது. கிரெட்டேசியக் காலத்துக் கரைமணல் அங்கே வெட்டி வைத்தது போலத் தெரியும். ஒரு களிப்பட்டை எத்தனை மீட்டர் தொடர்கிறது, எங்கே மறைகிறது என்று அங்கே நடந்தே அளக்கலாம். அப்படி அளந்த எண்களைக் கடலடி வயலின் மாதிரியில் பயன்படுத்துவார்கள். கிணற்றில் தெரியாததை மலைச்சுவரிலிருந்து கடன் வாங்குவது என்று வைத்துக்கொள்ளலாம். கணினியில் மாதிரி கட்டும் வேலையை இங்கே விரிக்கவில்லை. மென்பொருளை ஒரு மாதத்தில் பழகிவிடலாம். களிப்பட்டை எவ்வளவு தூரம் போகும் என்று அதற்கு நாம்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

எந்தக் கேள்வியை எடுப்பது

இத்துறையில் ஆய்வு செய்ய வருகிறவர்கள் "இந்த வயலை முழுமையாக ஆராயப் போகிறேன்" என்று தொடங்குவதை அடிக்கடி பார்க்கிறேன். தயவுசெய்து வேண்டாம். பெரிய நிறுவனங்களில் பலர் பல ஆண்டுகள் செய்யும் வேலை அது. "இந்த இரண்டு கிணறுகளுக்கு நடுவே ஹுகின் மணற்கல்லின் மேல்பகுதி தொடர்கிறதா?" என்பது ஒரு முதுகலை ஆய்வுக்குப் போதுமான கேள்வி. "இதே மணற்கல்லில் ஓரிடத்தில் மட்டும் புரைமை ஏன் குறைகிறது?" என்பது இன்னொன்று. அதற்குப் பாறையைக் காகிதத்தைவிட மெல்லியதாகச் சீவி, சந்துகளில் நீலப் பிசினை ஏற்றி, நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். நீலமாகத் தெரிவதெல்லாம் சந்து. மணல்மணிகளைச் சுற்றிக் குவார்ட்ஸ் வளர்ந்து அந்த நீலத்தை விழுங்கியிருந்தால், எந்த வெப்பத்தில், எண்ணெய் வருவதற்கு முன்பா பின்பா என்று தேடிப் போகலாம். அதுவே முனைவர் பட்டம் வரை இழுத்துக்கொண்டு போகும்.

எல்லா வயலும் மணற்கல் அல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். 1974-இல் சாகர் சாம்ராட் என்ற துளையிடும் மேடை மும்பைக் கடலில் கண்டுபிடித்த பம்பாய் ஹை வயலில் எண்ணெயின் பெரும்பகுதி மயோசீன் காலச் சுண்ணாம்புக் கல்லில் இருக்கிறது. சுண்ணாம்புக் கல் தண்ணீரில் கரையும், மறுபடி உறையும். அதன் சந்துகள் மணற்கல்லைப் போல ஒழுங்காக இருப்பதில்லை. நம் காவிரிப் படுகையின் கடல் பகுதியில் பிஒய்-1 என்ற எரிவாயு வயலில் கதை இன்னும் விநோதம். அங்கே தேக்கப்பாறை என்பது அடித்தளத்து கிரானைட் வகைப் பாறை. அம்மிக்கல்லில் எங்கே சந்து என்று கேட்பீர்கள். விரிசல்களில்தான் வாயு இருக்கிறது. அங்கே மணல்மணியும் ஓதக்கோடும் உதவாது. விரிசல் எந்தத் திசையில், எவ்வளவு நெருக்கமாக, எது திறந்திருக்கிறது என்று எண்ண வேண்டும். கடலைப் படித்தவர் அங்கே முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

எண்ணெய்க் காலம் முடிந்தால் இந்தப் படிப்பு என்ன ஆகும் என்று மாணவர்களின் பெற்றோர் கேட்கிறார்கள். நியாயமான கவலை. பதில் வோல்வெக்குப் பக்கத்திலேயே, ஸ்லைப்னர் எரிவாயு வயலில் இருக்கிறது. அங்கே எரிவாயுவோடு வரும் கார்பன் டை ஆக்சைடைப் பிரித்து, 1996 முதல், ஆண்டுக்கு ஏறக்குறைய 10 லட்சம் டன் வீதம், கடலடியில் உட்சிரா என்ற மணற்கல்லுக்குள் செலுத்தி வந்தார்கள். எண்ணெயை எடுப்பதற்குப் பதிலாக வாயுவை வைப்பது. மற்றபடி அதே புரைமை, அதே ஊடுபுகுதிறன், அதே மூடுபாறை.

செலுத்துவதற்கு முன் 1994-இல் எடுத்த சீஸ்மிக்கில் உட்சிரா மணற்கல் பெரிய, ஒரே மாதிரியான மணல்குவியல் போலத்தான் தெரிந்தது. 1999-இல் மறுபடி எடுத்துப் பார்த்தார்கள். ஆயிரம் மீட்டர் ஆழத்தில் செலுத்திய வாயு மூன்றே ஆண்டுகளில் ஏறக்குறைய 200 மீட்டர் ஏறி மூடுபாறையின் அடியைத் தொட்டிருந்தது. ஏறும் வழியில் ஒன்றன்மேல் ஒன்றாக ஒன்பது அடுக்குகளாகத் தேங்கியும் இருந்தது. தேக்கியவை, பெரும்பாலும் ஒரு மீட்டர் தடிமன்கூடத் தேறாத களிப்பட்டைகள். முந்தைய சீஸ்மிக்கில் அவை இல்லை. ஆனால் அந்தப் பகுதியில் தோண்டிய கிணறுகளின் காமா லாக்கில், மணலுக்கு நடுவே சின்னச் சின்ன முட்களாக, அவை முதலிலிருந்தே இருந்தன. பக்கத்துக் கிணற்று லாக்கிலும் அப்படி முட்கள் இருந்தன. இந்த முள்ளும் அந்த முள்ளும் ஒரே பட்டையா, வெவ்வேறா என்று இன்றும் மாணவர்கள் இரண்டு தாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.